பட்டாசுப் பெட்டிச் சேவலும் பாட்டி வீட்டுக் கோழியும்

தீபாவளிக்கு வாங்கிய பட்டாசுப் பெட்டிகளைக் கொஞ்சம் அடுக்கி வைத்துப் பாருங்கள். ஒன்றில் மயில் இருக்கும், ஒன்றில் அணில் இருக்கும், இன்னொன்றில் சேவல் இருக்கும். 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் தீப்பெட்டியும், அச்சகமும், பட்டாசும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் போய் "சேவல் மார்க் கொடுங்க" என்று கேட்கலாம் அல்லவா? படத்தின் பலன் அதுதான்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தச் சேவல் என்ன இனம்?

சிரிக்காதீர்கள். மாடு என்றால் காங்கேயமா, புலிக்குளமா என்று கேட்கிறோம். நாய் என்றால் ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, கன்னியா என்று கேட்கிறோம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்களே. ஆனால் கோழியைப் பார்த்தால் மட்டும் "நாட்டுக்கோழி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பாட்டி வீட்டில் பஞ்சாரத்துக்குள் கிடந்த கோழியைக் காட்டி இதே கேள்வியைக் கேட்டேன். "சிறுவிடை" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால், "பார்த்தாலே தெரியலையா?" என்றார்கள்.

எனக்குத் தெரியவில்லை. அதனால் தேடத் தொடங்கினேன். சிறிய கோழிகளை ஆங்கிலத்தில் 'பான்டம்' என்கிறார்கள். அவற்றைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். சிறுவிடையைப் பற்றிக் கிடைத்தது மிகக் கொஞ்சம். ஏன் இப்படி என்று யோசித்தபோது, கோழியின் அங்க அடையாளங்களை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பதற்கே ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு துறைமுகத்தின் பெயர்

'பான்டம்' என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். ஜாவாத் தீவின் மேற்குக் கோடியில் பான்டென் என்று ஒரு துறைமுகம் உண்டு. மிளகு வணிகத்துக்குப் பேர்போன இடம். 1596-ல் டச்சுக் கப்பல்கள் அங்கே போயின. சில ஆண்டுகளில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் கிடங்கு போட்டது. நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த ஆரம்ப ஆண்டுகளில், அது பான்டெனில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குக் கீழ்ப்பட்டே இருந்தது. சென்னைக்கு மேலதிகாரி ஜாவாவில் இருந்த காலம் அது!

அந்தத் துறைமுகத்தில் மாலுமிகள் உணவுக்காகக் கோழிகளை வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். ஐரோப்பாவில் அவர்கள் பார்த்துப் பழகிய கோழிகளைவிட அவை மிகச் சிறியவை. ஊர்ப் பெயரே கோழிக்கும் பெயராயிற்று. பிறகு எங்கே சிறிய கோழியைக் கண்டாலும், அது ஜாவாவுக்கே போகாத கோழியாக இருந்தாலும், அதே பெயரைச் சொன்னார்கள். குத்துச்சண்டையில் எடை குறைந்த வீரர்களின் பிரிவுக்கு 'பான்டம் வெயிட்' என்று பெயர் வந்ததும் இந்தக் கோழியால்தான்.

ஆக, ஆரம்பத்திலிருந்தே 'பான்டம்' என்பது ஓர் இனத்தின் பெயர் இல்லை. அளவின் பெயர். டார்வின் 1868-ல் வீட்டு விலங்குகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் கோழிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அதில் மற்ற இனங்களுக்குக் கொண்டை, வால், மண்டை ஓடு என்று பல அடையாளங்களைச் சொல்லிவிட்டு, பான்டத்துக்கு மட்டும் சிறிய உருவம் ஒன்றே அடையாளம் என்கிறார். இந்தக் கட்டுரைக்கு அதுவே முதல் பாடம். சிறியது என்பதை மட்டும் வைத்து எந்தக் கோழியையும் இனம் சொல்ல முடியாது.

சண்டை நின்றது, கண்காட்சி தொடங்கியது

பிறகு எதை வைத்து இனம் சொன்னார்கள்? இங்கே ஓர் ஆங்கிலப் பிரபு வருகிறார். சர் ஜான் செப்ரைட். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பல ஆண்டுகள் பொறுமையாக இனக்கலப்பு செய்து ஒரு கோழியை உருவாக்கினார். எடை ஏறத்தாழ 600 கிராம்தான். ஒவ்வொரு இறகின் விளிம்பிலும் மை தொட்டுக் கோடு இழுத்ததுபோல் கறுப்புக் கரை. சேவலுக்கும் பெட்டைக்கும் இறகில் வேறுபாடே கிடையாது. சேவலின் வாலில் அரிவாள்போல் வளையும் நீண்ட இறகு இருக்காது. இன்றும் அதன் பெயர் செப்ரைட் பான்டம். அவர் 1809-ல் விலங்கு வளர்ப்பைப் பற்றி வெளியிட்ட சிறு நூலை டார்வினும் படித்திருக்கிறார்.

செப்ரைட் போன்றவர்களுக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1835-ல் சேவல் சண்டை தடை செய்யப்பட்டது; 1849-ல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. 1845-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது. களத்தில் மோதவிட முடியாத சேவலை மேசைமேல் வைத்துப் போட்டியிட்டார்கள். சண்டையில் எது ஜெயித்தது என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். கண்காட்சியில் எது சிறந்தது என்று யார் சொல்வது? அதற்கு எழுதப்பட்ட விதி வேண்டும். 1865-ல் டெகட்மையர் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அப்படி ஒரு விதிநூல் வந்தது. இவர் டார்வினுக்குக் கோழி, புறா விஷயங்களில் உதவியவர். 1874-ல் அமெரிக்காவிலும் ஒரு விதிநூல் வந்தது. கொண்டைக்கு இத்தனை மதிப்பெண், வாலுக்கு இத்தனை, கால் நிறத்துக்கு இத்தனை என்று பரீட்சைத் தாள் திருத்துவதுபோலத் திருத்தினார்கள்.

இன்று ஒரு சிறிய கோழியைப் பார்த்து இனம் சொல்கிறவர்கள் பயன்படுத்துவது அந்த நூல்களில் வளர்ந்த முறையைத்தான். சுருக்கமாகச் சொல்கிறேன். யாராவது 'பேன்சி கோழி' என்று விற்க வந்தால் உங்களுக்கும் பயன்படும்.

1. கொண்டை: ரம்பப் பல்போல நிமிர்ந்து நிற்பது ஒற்றைக் கொண்டை. தட்டையாக, மேலே சிறு முத்துகள் நிறைந்து பின்னால் முள்போல நீண்டால் ரோஜாக் கொண்டை. மூன்று வரிசையாகத் தாழ்ந்து, தலையோடு ஒட்டி இருந்தால் பட்டாணிக் கொண்டை. செப்ரைட்டுக்கு ரோஜாக் கொண்டை. ஜப்பானியப் பான்டத்துக்கு ஒற்றைக் கொண்டை. நம் அசில் சண்டைக்கோழிக்குப் பட்டாணிக் கொண்டை.

2. காதுமடல்: சிவப்பா, வெள்ளையா என்று பாருங்கள். 'ரோஸ்கோம்ப்' என்ற சிறு கோழிக்குக் கறுப்பு உடம்பில் காசு ஒட்டியதுபோல வட்டமான வெள்ளை மடல் இருக்கும்.

3. கால்: நிறம், நீளம், கணுக்காலில் இறகு உண்டா, விரல் எத்தனை என்று நான்கையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கோழிகளுக்கு நான்கு விரல். பட்டுநூல்போல் இறகுள்ள 'சில்கி'க்கு ஐந்து விரல், தோலும் கறுப்பு. கால் முழுவதும் இறகு மூடி, பந்துபோல் உருண்டையாக இருந்தால் கொச்சின் பான்டம்.

4. வால், நிற்கும் தோரணை: ஜப்பானியப் பான்டத்தின் வால் தலையைத் தொடுவதுபோல நிமிர்ந்திருக்கும். மலேசியாவின் கிளந்தான் பக்கம் உருவான 'செராமா' நெஞ்சைத் தூக்கி, இறக்கையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்போல நிற்கும். உலகின் மிகச் சிறிய கோழிகளில் அது ஒன்று. அரைக் கிலோகூட இருக்காது.

5. இறகு: சுருண்டதா, பட்டுப்போன்றதா, உடம்போடு இறுக ஒட்டியதா, விளிம்பில் கரை உண்டா என்று பார்க்க வேண்டும். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். ஒரே இனத்தில் பத்து நிறம் வரும். பத்து இனத்தில் ஒரே நிறமும் வரும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதே அடையாளங்களோடு பெரிய கோழி ஒன்று இருக்கிறதா? இருந்தால், நீங்கள் பார்ப்பது அதன் சிற்றுருவம். செப்ரைட், ரோஸ்கோம்ப், ஜப்பானியப் பான்டம், செராமா போலப் பெரிய உருவமே இல்லாதவற்றைத்தான் 'அசல் பான்டம்' என்கிறார்கள்.

இந்த விதிகளுக்குள் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஜப்பானியப் பான்டத்தின் குட்டைக்காலுக்குக் காரணமான மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். எனவே இரண்டு குட்டைக்கால் கோழிகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு குஞ்சு பொரிக்காது. இரண்டு பங்கு குட்டைக்காலோடும், ஒரு பங்கு சாதாரணக் காலோடும் வரும். எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் எல்லாக் குஞ்சும் குட்டைக்காலோடு பிறக்காது. விதிநூல் கேட்கும் தூய்மையை அந்தக் காலே தர மறுக்கிறது! கொண்டைக்கும் அறிவியலில் ஒரு பெருமை உண்டு. மெண்டலின் மரபு விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-ல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிகளை வைத்துத்தான். ரோஜாக் கொண்டையும் பட்டாணிக் கொண்டையும் இன்றுவரை பாடப் புத்தகத்தில் இருப்பதற்கு அதுவே காரணம்.

நம் ஊரில் எழுதியவர்கள்

சரி, நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் கோழியைப் பற்றி யாரும் எழுதவில்லையா? எழுதினார்கள். கல்லில் எழுதினார்கள்.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. போரில் இறந்த வீரனுக்கு எடுத்ததில்லை. ஒரு சேவலுக்கு எடுத்தது. கல்லில் சேவல் உருவம். பக்கத்தில் பழைய எழுத்தில் முகையூர் மேற்சேரிக்காகப் பொருத கோழி என்ற செய்தி. காலம் ஏறத்தாழ கி.பி. 5-ஆம் நூற்றாண்டு. செங்கல்பட்டு மாவட்டம் இந்தளூரில் இன்னொரு சேவல் நடுகல் கிடைத்தது. அதில் கீழ்ச்சேரிக் கோழிக்குப் பொற்கொற்றி என்று பெயரே பொறித்திருக்கிறார்கள். மேற்சேரி, கீழ்ச்சேரி என்று இரண்டு தரப்பு, தரப்புக்கொரு சேவல், அது செத்தால் கல். 1500 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வாழ்ந்த ஒரு சேவலின் பெயர் நமக்குத் தெரிகிறது என்பது சின்ன விஷயமா?

பிற்காலத்தில் சேவல் பார்ப்பதற்கென்று ஒரு சாத்திரமே வளர்ந்தது. பஞ்சபட்சி சாத்திரத்தில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகள் உண்டு. சேவலின் நிறத்தைப் பார்த்து அதைக் காகம், மயில், கீரி என்றெல்லாம் பிரித்து, எந்த நாளில் எந்த நிறம் ஜெயிக்கும் என்று கணித்தார்கள். ஆந்திராவில் குக்குட சாத்திரம் என்ற பெயரில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. அசில் கோழிக்கு உருது வழியாக வந்த நிறப் பெயர்களும் உண்டு. பீலா என்றால் பொன் சிவப்பு, யாகூப் என்றால் கறுப்பும் சிவப்பும், நூரி என்றால் வெள்ளை, காகர் என்றால் கறுப்பு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலேயர் கடைசியில் பார்க்கச் சொன்ன நிறத்தை நம் ஆட்கள் முதலில் பார்த்தார்கள். அவர்களுக்கு இனம் பிரிப்பது நோக்கமில்லை. ஜெயிக்கும் சேவலைக் கண்டுபிடிப்பதே நோக்கம். அதே நேரத்தில் உடம்பையும் அவர்கள் நுட்பமாகப் பார்த்தார்கள். தாடி சிறியதா, எதிரி கொத்திப் பிடிக்க முடியாதபடி கொண்டை ஒட்டி இருக்கிறதா, கண் முத்துப்போல் வெளுத்திருக்கிறதா, எலும்பு கனமா, இறகு இறுக்கமா என்று கையில் தூக்கியே சொல்லிவிடுவார்கள். பட்டாணிக் கொண்டை சண்டைக்கோழியில் நிலைத்ததற்கு இந்தத் தேர்வும் காரணமாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்தது ஓரளவு இங்கேயும் நடந்திருக்கிறது. 1960-ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைச் சண்டைக்கு விடுவதைக் குற்றமாக்கியது. சண்டை முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் திண்டுக்கல் பக்கம் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சி நடத்துகிறார்கள். கிளியின் அலகுபோல் வளைந்த மூக்கு, விசிறிபோல் விரிந்த வால், நெடிய கால், நிமிர்ந்த கழுத்து. இந்தச் சேவலை மோதவிடுவதில்லை. நிற்க வைத்து அழகு பார்க்கிறார்கள். லட்சக்கணக்கில் விலை பேசுவதாகச் செய்தி வருகிறது. 1845-ல் லண்டனில் மேசைமேல் ஏறிய சேவல், நம் ஊரில் திருமண மண்டபத்துக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அசில் போட்ட சுற்று

இந்த அசில் கோழி உலகத்தைச் சுற்றி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் அது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போனது. அங்கே இருந்த சண்டைக்கோழிகளோடும் மலாய்க் கோழியோடும் கலந்து 'இந்தியன் கேம்' என்ற இனத்தை உண்டாக்கினார்கள். சண்டைக்கு அது லாயக்கில்லை. ஆனால் நெஞ்சு மட்டும் அகலமாக, கறி நிறைய வந்தது. பிறகு அதன் பெயர் 'கார்னிஷ்' ஆயிற்று. 1948-ல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு பெரிய போட்டி நடந்தபோது அதில் ஜெயித்தது கார்னிஷ் கலப்புதான். இன்று உலகம் முழுக்கக் கடைகளில் தொங்கும் பிராய்லர் கோழியின் வம்சத்தில் கார்னிஷ் இருக்கிறது. கார்னிஷின் வம்சத்தில் நம் அசில் இருக்கிறது.

பிராய்லரைப் பார்த்து "இங்கிலீஷ் கோழி" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நம்பமாட்டார்கள்.

எழுதப்படாத கோழி

ஆக, சண்டை போட்ட கோழிக்குக் கல் கிடைத்தது, சாத்திரம் கிடைத்தது, கண்காட்சி கிடைத்தது. பிரபு வளர்த்த கோழிக்கு விதிநூல் கிடைத்தது. வீட்டு முற்றத்தில் முட்டை போட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்த்த சின்னக் கோழிக்கு? அதற்குச் சிறுவிடை என்ற ஒரு பெயர் மட்டும் கிடைத்தது.

நான் பார்த்தவரையில் அதன் அடையாளங்களை எழுதுகிறேன். உடம்பு சிறியது, பெட்டை ஒன்றேகால் கிலோ வந்தாலே நல்ல கோழி. தலை சிறியது, ஒற்றைக் கொண்டை. கால் மெலிந்து, உடம்புக்கு அளவானது. நிறம் ஒன்றில்லை; தவிட்டு நிறம், கறுப்பு, சிவப்பு, புள்ளி என்று ஒரே தாயின் குஞ்சுகளே பல நிறத்தில் இருக்கும். சாயங்காலம் ஆனால் வேப்பமரத்துக்கிளைக்குப் பறந்து ஏறிவிடும். பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும். பருந்து நிழல் தெரிந்ததும் குஞ்சுகளைச் சேர்த்து அணைக்கும் வேகம் வேறு கோழிக்கு வராது. பெருவிடை என்பது இதற்கு நேர் எதிர்: நெடிய கால், கனத்த எலும்பு, நிமிர்ந்த உடம்பு, சண்டைக்கோழிச் சாயல். பெருவிடையின் கனத்தில் முட்டை உடைந்துபோகும் என்று அதை அடைக்கு வைக்கத் தயங்குவார்கள். அதன் முட்டையையும் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிக்க விடுவார்கள்.

இவற்றோடு கழுத்தறுத்தான், கொண்டைக்கோழி, குட்டைக்கால் கோழி என்றும் பெயர்கள் உண்டு. கவனித்தால், ஒவ்வொரு பெயரும் ஓர் அங்க அடையாளம். கழுத்தில் இறகில்லை, தலையில் குடுமி உண்டு, கால் குட்டை. நூல் எழுதாவிட்டாலும் நம் பெண்கள் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தமான் பக்கம் நிக்கோபார்த் தீவுக்காரர்களும் தங்கள் சிறிய கோழிக்கு வைத்த பெயரின் பொருள் குட்டைக்கால் கோழி என்பதே. அந்த நிக்கோபாரிக் கோழி இன்று தேசிய அளவில் பதிவு செய்யப்பட்ட இனம். ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம்தான் இந்தப் பதிவைச் செய்கிறது. ஓர் இனத்தைப் பதிய வேண்டுமானால் அது எங்கே வாழ்கிறது, எத்தனை இருக்கிறது, கொண்டை எப்படி, கால் எப்படி, எடை எவ்வளவு என்று அளந்து எழுதித் தர வேண்டும். தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுவிடையை அளந்து எழுதத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சியான செய்தி. 1500 ஆண்டு தாமதம் என்றாலும் பரவாயில்லை.

ஏன் அவசரம் என்கிறேன் தெரியுமா? கரிசல் காட்டில் மழை பொய்த்த வருடங்களில் வீட்டுப் பெண்களின் கையில் இருந்த சில்லறை, கோழி விற்ற காசுதான். அந்தக் கோழிக்குத் தீவனம் வாங்கவில்லை, கொட்டகை போடவில்லை. சிந்தியதைப் பொறுக்கித் தின்றே வளர்ந்தது. இப்போது தெருவில் வண்டியில் வண்ணவண்ணமாகக் கலப்பினக் குஞ்சு வருகிறது. சீக்கிரம் எடை போடும் என்று வாங்கி விடுகிறோம். அந்தச் சேவல் முற்றத்துச் சிறுவிடையோடு சேர்கிறது. இரண்டு மூன்று தலைமுறையில் கோழி பெரிதாகிறது; ஆனால் அடைக்கு உட்கார மறக்கிறது, மரம் ஏற மறக்கிறது. பாட்டி வீட்டிலும் அதுதான் நடந்தது. கடைசியாகப் போனபோது பஞ்சாரத்துக்குள் இருந்த கோழியைக் காட்டி "இது சிறுவிடையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்லப்பா, இது எதுன்னு தெரியல" என்றார்கள். பார்த்தாலே தெரியும் என்று சொன்ன அதே பாட்டி.

மேற்கு மலையில் ஒரு சாட்சி

கடைசியாக ஒன்று. எங்கள் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் திருவில்லிபுத்தூர் மலை இருக்கிறது. 2021-ல் அது மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. சேவலின் கழுத்துத் தூவியில் மெழுகைச் சொட்டு வைத்ததுபோல மஞ்சள் பொட்டுகள் இருக்கும். மீன்பிடி தூண்டிலில் ஈ போலக் கட்டுவதற்காக அந்தத் தூவியை ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். தென்னிந்தியாவில் சுற்றிய பிரெஞ்சுக்காரர் சொன்னெராவின் பெயர்தான் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது.

வீட்டுக்கோழி எல்லாம் செங்காட்டுக்கோழி என்ற ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று டார்வின் முடிவு செய்தார். நம் சாம்பல் காட்டுக்கோழியை அவர் ஆராய்ந்து, இதற்குப் பங்கில்லை என்று விலக்கினார். பெரும்பகுதி அவர் சொன்னது சரி. 2020-ல் வந்த மரபணு ஆய்வும் தென்மேற்குச் சீனா, வடக்கு மியான்மர், வடக்குத் தாய்லாந்து பக்கத்துச் செங்காட்டுக்கோழியையே மூதாதை என்கிறது. ஆனால் 2008-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வுக்குழு ஒன்று மஞ்சள் கால், மஞ்சள் தோலுக்கான மரபணுவைத் தேடியபோது, அது செங்காட்டுக்கோழியிடம் இல்லை. நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்தது. உலகத்தில் எந்த மூலையில் மஞ்சள் கால் கோழி நடந்தாலும் அதன் காலில் தென்னிந்தியக் காட்டின் சொத்து ஒன்று இருக்கிறது.

டார்வின் தவறவிட்டதை ஒரு கோழிக்கால் 140 ஆண்டுகள் வைத்துக் காத்திருந்தது. காரணம், அந்தக் கோழி பிழைத்திருந்தது. சிறுவிடையிடம் என்னென்ன இருக்கிறது என்று நமக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. கலந்து கரைந்துபோன பிறகு தெரிந்துகொள்ளவும் முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஊரில் வயதான பெண்கள் யாராவது கோழி வளர்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இது ஏன் சிறுவிடை, அது ஏன் இல்லை என்று கேளுங்கள். கொண்டை, காதுமடல், கால், வால், எடை, எத்தனை முட்டையில் அடை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேதி போட்டு, படம் எடுத்து வையுங்கள். முகையூர் மேற்சேரிக்காரர்கள் தங்கள் கோழிக்குக் கல்லே நட்டார்கள். நாம் நோட்டுப் புத்தகமாவது போடலாம்.

பட்டாசுப் பெட்டிச் சேவல் என்ன இனம் என்ற என் கேள்விக்கு விடை கிடைத்ததா? கிடைத்தது. அது எந்த இனமும் இல்லை. எல்லோரும் பார்த்தவுடன் "சேவல்" என்று சொல்லத்தான் வரையப்பட்ட படம் அது. அந்தச் சேவல் அப்படியே இருக்கட்டும். முற்றத்துக் கோழி மட்டும் வெறும் "கோழி" ஆகிவிடக் கூடாது.